மாணவரின் கடமையும் ஆசிரியரின் தனிமையும்

1932ஆம் ஆண்டு போலந்தின் தலைநகர் வார்சாவில் எபிரேய மொழியில் ஒரு நூல் வெளிவந்தது. 'ஹோவத் ஹ-தல்மீதிம்' என்பது அதன் பெயர். 'மாணவர்களின் கடமை' என்று பொருள்படும். 'தல்மீத்' என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் அரபி ஓதியோருக்குத் 'தில்மீது' நினைவுக்கு வரும். பெயரைக் கொண்டு பார்த்தால் பிள்ளைகளுக்கு எழுதப்பட்ட நல்லுரை நூல் என்றே எண்ணத் தோன்றும். ஆனால் நூலைத் திறந்ததும் நம்மை எதிர்கொள்வது பிள்ளைகளுக்கான பேச்சன்று. ஆசிரியர்களையும் தந்தையரையும் முன்னிருத்தி நூலாசிரியர் நிகழ்த்தும் நீண்ட உரையாடல். யூத சமயக் கல்விப் பணியில் புதிதாக அடியெடுத்து வைக்கும் ஓர் இளம் ஆசிரியரை ஆற்றுப்படுத்த முனைந்த எழுத்துகளில், நாம் வாசித்தவற்றுள் ஆழம் மிக்கது இம்முன்னுரையே. எனினும் அதனுள் ஒரு பெரிய வெற்றிடமும் இருக்கிறது. அந்த ஆழத்தையும் வெற்றிடத்தையும் சேர்த்தே இங்கு ஆராய விழைகிறோம்.

நூலாசிரியர் ரப்பி கலோனிமுஸ் கல்மன் ஷபீரா (1889–1943). பதினெட்டாம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பிய யூதரிடையே தோன்றிய ஹசீதியம் என்னும் பக்தி நெறியின் வழிவந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். ஒரு 'ரெபே'யைச் சூழ்ந்து சீடர்கள் திரள்வதும், அவர் வழித்தோன்றல்கள் அப்பொறுப்பை ஏற்பதும் நம் தரீக்காக்களில் ஷைகுமாரைச் சூழ்ந்து முரீதுகள் இருப்பதை ஒருவாறு நினைவூட்டும். ஷபீரா மூன்று வயதுக் குழந்தையாக இருக்கையிலேயே தந்தை மறைந்தார். வார்சாவுக்கு அருகிலுள்ள பியாசெச்னோ என்னும் சிற்றூரின் ரெபேயாக இளமையிலேயே பொறுப்பேற்ற அவர், 1923இல் வார்சா நகரில் 'தஅத் மோஷே' என்ற சமயக் கல்லூரியை நிறுவினார். ஆக, இவர் ஏட்டைப் பார்த்துக் கல்வியைப் பற்றி எழுதியவர் அல்லர். நாள்தோறும் மாணவர் முகத்தைப் பார்த்து எழுதியவர்.

அக்காலத்துச் சூழலை அறிந்தால்தான் நூலின் அவசரம் விளங்கும். 1918இல் போலந்து மீண்டும் விடுதலை பெற்ற நாடாயிற்று. அங்கே முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் வாழ்ந்தனர். அரசுப் பள்ளிகள் ஒருபுறம், சியோனிச இளைஞர் அமைப்புகள் ஒருபுறம், 'புந்து' என்னும் சோஷலிசக் கட்சி ஒருபுறம், கம்யூனிசம் மற்றொருபுறம் என இளைஞர்களை நாலாபக்கமும் புதிய காற்று இழுத்துக்கொண்டிருந்தது. அதற்கு எதிரே நின்றது 'ஹேடர்' எனப்படும் பழைய ஒற்றை அறைப் பள்ளி. அதில் எழுத்தும் வேதமும் கற்பித்தவர் 'மெலமெத்'. சிறு குழந்தைகளை வீடுகளிலிருந்து தூக்கி வருவதற்கு 'பெல்ஃபர்' என்றொரு உதவியாளர் இருந்தார். மெலமெத் என்ற பணிக்குச் சமூகத்தில் மதிப்பு மிகக் குறைவு. வேறு தொழிலில் பிழைக்க முடியாதவர் கடைசியாக வந்து சேரும் இடம் என்றே அதைக் கருதினர். தவ்ராத்தைக் கற்பிப்பதைவிட உயர்ந்த பணி இல்லை என்று நாவால் சொல்லிய ஒரு சமூகம், கற்பிப்பவரை மட்டும் வாசலில் நிறுத்தியிருந்தது. இந்த முரண் யூதருக்கு மட்டும் உரியது என்று நாம் சொல்லத் துணியமாட்டோம்.

ஷபீரா தம் முன்னுரையை ஒரு சொல்லாராய்ச்சியிலிருந்து தொடங்கி வளர்த்தெடுக்கிறார். எபிரேயத்தில் கல்வி வளர்ப்புக்கு 'ஹினுக்' என்று பெயர். அதன் மூல எழுத்துகள் மூன்றும் அரபியின் ஹா, நூன், காஃப் ஆகியவற்றுக்கு நிகரானவை. நம்மிடம் 'ஹனக்' என்றால் அண்ணம். பிறந்த குழந்தையின் அண்ணத்தில் மென்ற பேரீச்சம்பழத்தைத் தடவும் சுன்னத்துக்குத் 'தஹ்னீக்' என்று பெயர். அனுபவத்தால் பழுத்தவரை 'முஹன்னக்' என்பர். எபிரேய அகராதி ஆசிரியர்களில் சிலரும் தம் சொல்லை இந்த அண்ணத்தோடுதான் தொடர்புபடுத்துகின்றனர். முதல் சுவையை நாவில் வைப்பவரே ஆசிரியர் என்று விரித்துரைக்க இதில் எவ்வளவோ இடமிருக்கிறது. ஷபீரா அவ்வழியில் செல்லவில்லை. பதினோராம் நூற்றாண்டில் பிரான்ஸில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷி தரும் விளக்கத்தையே அவர் பற்றிக்கொள்கிறார். ஒரு மனிதனோ ஒரு கருவியோ எந்தப் பணியில் நிலைபெறப் போகிறதோ, அந்தப் பணிக்குள் நுழையும் தொடக்கமே ஹினுக் என்பது ராஷியின் கருத்து.

இதிலிருந்து ஷபீரா எடுக்கும் முடிவுதான் நூலின் உயிர்நாடி. பணியில் நுழையும் கருவிக்கு அப்பணிக்கான தகுதி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது; வெளியிலிருந்து எவரும் கொண்டுவந்து ஏற்றுவதில்லை. குழந்தையும் அவ்வாறே. அதனுள் மறைந்து கிடக்கும் ஆன்மாவை வெளிக்கொணர்வதே கல்வி. கட்டளையிடுவதும் பழக்கப்படுத்துவதும் ஆசிரியர் கையிலுள்ள கருவிகள் மட்டுமே. அவற்றையே கல்வி என்று மயங்கிவிடக் கூடாது. நபி சுலைமான் (அலை) அவர்களின் பெயரால் யூதரிடம் வழங்கும் நீதிமொழிகள் நூலில், பிள்ளையை அவனுக்குரிய வழியில் பழக்கினால் முதுமையிலும் அவன் அதைவிட்டு விலகான் என்ற கருத்து வருகிறது. ஷபீரா இதன் இரு சொற்களில் நின்று நிதானிக்கிறார். முதலாவது, முதுமை. கட்டளையிட்டவர் கண்ணுக்கு மறைந்ததும் கட்டளையும் மறைந்துவிடும். முதுமைவரை நீடிப்பது வேறொன்றாகத்தான் இருக்க வேண்டும். இரண்டாவது, அவனுக்குரிய வழி. வகுப்பில் எத்தனை பிள்ளைகளோ அத்தனை வழிகள். எல்லாருக்கும் ஒரே சொல்லை ஒரே குரலில் சொல்லிவிட்டுப் பாடம் நடந்தது என்று எண்ணுகிற ஆசிரியர், கல்வியின் வாசலையே எட்டவில்லை. அவர் குனிய வேண்டும். பிள்ளையின் சிறுமைக்குள் நுழைந்து, அங்கே புதைந்து கிடக்கும் பொறியைத் தேட வேண்டும்.

அக்கால இளைஞரைப் பற்றிய அவருடைய கணிப்பும் கூர்மையானது. பிள்ளைகள் காலத்துக்கு முன்பே தம்மை வளர்ந்தவர்களாக நினைத்துக்கொள்கிறார்கள். கருத்திலும் விருப்பத்திலும் தாம் சுதந்திரர் என்று கருதுகிறார்கள். அதனால் தந்தையையும் ஆசிரியரையும் தம்மை அடக்க வந்த அந்நியராகக் காண்கிறார்கள். இவ்வளவு வரை எந்தக் காலத்து மூத்தவரும் சொல்லக் கூடியதே. மூத்தவர்கள் வழக்கமாக இதற்கு அடுத்து வசைபாடத் தொடங்குவர். ஷபீரா அப்படிச் செய்யாமல் அந்தச் சுதந்திர உணர்வையே ஏணியாக்கிக்கொள்கிறார். நீ வளர்ந்தவன் என்று நினைக்கிறாயா, நல்லது. அப்படியானால் உன்னை வளர்க்கும் முதன்மை ஆசிரியன் நீயே, அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள் என்று மாணவனிடம் பேசுமாறு வழிகாட்டுகிறார். நூலின் மற்ற அத்தியாயங்கள் முழுவதும் மாணவனை நேரே அழைத்து இத்தொனியில்தான் நடக்கின்றன. சோம்பலைப் பற்றிப் பேசும்போதும் அவனுடைய பெருமையை அவனுக்கு உணர்த்திவிட்டுத்தான் குறையைத் தொடுகிறார். இறுதியில் முதிர்ந்த மாணவருக்கென மூன்று கட்டுரைகளைச் சேர்த்திருக்கிறார்.

நூலின் பெயரிலும் ஒரு மரபுத் தொடர்ச்சி இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டு ஸ்பெயினில் பஹ்யா இப்னு பகூதா என்ற யூத அறிஞர் 'அல்ஹிதாயா இலா ஃபராயிழில் குலூப்' என்ற நூலை அரபியிலேயே எழுதினார். எபிரேய மொழிபெயர்ப்பில் அதற்கு 'ஹோவோத் ஹ-லெவாவோத்', அதாவது 'உள்ளங்களின் கடமைகள்', என்று பெயர் நிலைத்தது. கடமை என்ற சொல்லை வெளிச்சடங்கிலிருந்து எடுத்து உள்ளத்தின் மீது வைத்த நூல் அது. ஷபீராவின் தலைப்பு அதை எதிரொலிக்கிறது. அதேபோல் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பார்சிலோனாவில் பிறந்து ஃபாஸ் நகரில் வாழ்ந்த யூசுஃப் இப்னு அக்னீன், 'திப்புன் நுஃபூஸ்' என்ற தம் அரபி நூலின் 27ஆம் அத்தியாயத்தில் ஆசிரியருக்குரிய தகுதிகளை வரிசைப்படுத்துகிறார்: கற்பிக்கும் துறையில் முழுத் தேர்ச்சி, கற்பிப்பதைத் தாமே கடைப்பிடித்தல், மாணவரைப் பெற்ற மக்களாகக் கருதுதல், அவரவர் கொள்ளளவுக்கேற்பக் கற்பித்தல். இஹ்யாவின் முதல் நூலான 'கிதாபுல் இல்மை' ஓதியவருக்கு இந்த வரிசை புதிதாகத் தோன்றாது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் மாணவரை மக்களாகப் பாவிப்பதையே ஆசிரியரின் முதற்கடமையாக வைக்கிறார்கள். ஒரே மொழியைப் பேசிய இரு சமூகங்கள் ஒரே காற்றைச் சுவாசித்திருந்தன.

இனி வெற்றிடத்துக்கு வருவோம். ஷபீராவின் ஆசிரியர் மிக உயரத்தில் இருக்கிறார். பிள்ளையின் ஆன்மாவுக்குள் நுழைபவர், ஒவ்வொருவருக்கும் தனி வழி காண்பவர், சொல்லால் பொறியை மூட்டுபவர். இருபது வயதில் முதன்முதலாக வகுப்பில் நுழையும் ஒருவர் இதைப் படித்தால் என்னாவார்? முதல் நாள் உள்ளம் பூரிக்கும். பத்தாம் நாள், கடைசி வரிசையில் இருவர் சண்டையிட, மூன்றாமவன் தூங்க, நான்காமவன் ஒரே வரியை எட்டு முறை சொல்லியும் தடுமாற, அந்த ஆசிரியருக்குத் தம்மீதே ஐயம் பிறக்கும். மாணவனுக்கு ஆசிரியர் இருக்கிறார், ஆசிரியருக்கு யார்? தோற்ற நாளில் அவர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு முன்னுரையில் விடை இல்லை. ஓதி முடித்த அடுத்த மாதமே சிறுவர் மக்தபில் அமர்த்தப்பட்டு, பிரம்பு ஒன்றைத் தவிர வேறெந்த வழிகாட்டுதலும் தரப்படாத இளைஞர்களை நாம் கண்டிருக்கிறோம். எனவே இக்குறை நமக்கு ஏட்டுக் குறையாகத் தோன்றவில்லை.

வியப்பு என்னவெனில், இதற்கான விடை ஷபீரா நாளெல்லாம் கற்பித்துவந்த தல்மூதிலேயே இருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டில் இராக்கின் ஸூரா என்ற ஊரில் (குர்ஆனின் சூராவோடு இப்பெயருக்குத் தொடர்பில்லை) பெரும் கல்விக்கூடத்தை நிறுவியவர் 'ரவ்' என்று மட்டுமே அழைக்கப்படும் அறிஞர். அவர் ஷமுவேல் பர் ஷீலத் என்ற சிறார் ஆசிரியருக்குக் கூறிய அறிவுரை பாபிலோனியத் தல்மூதின் 'பாபா பத்ரா' பகுதியில் பதிவாகியிருக்கிறது. ஆறு வயதுக்கு முன் பிள்ளையைச் சேர்க்காதே. சேர்த்த பின் எருதுக்குத் தீனி வைப்பது போல் நிறைய ஊட்டு. அடிக்க நேர்ந்தால் செருப்பு வாருக்கு மேல் எதையும் எடுக்காதே. படிப்பவன் படிப்பான், படிக்காதவன் தன் தோழனுக்குத் துணையாக உட்கார்ந்திருக்கட்டும். இதில் ஆன்மிக உயரம் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கடைசி அறிவுரையைக் கவனியுங்கள். படிக்காதவனை விரட்டாதே என்பது ஒரு பொருள். எல்லாரையும் படிக்கவைத்தே தீருவேன் என்று உன்னை நீயே வதைத்துக்கொள்ளாதே என்பது அதன் மறுபக்கம். பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் ஒரே சொல்லில் மூச்சுவிட இடம் தந்திருக்கிறார் ரவ்.

அதே பகுதியில் சில ஏடுகளுக்கு முன்னே இவ்விருவரும் மீண்டும் சந்திக்கும் ஒரு காட்சி வருகிறது. பள்ளி நேரத்தில் ஷமுவேல் தம் தோட்டத்தில் நிற்பதை ரவ் காண்கிறார். பொறுப்பைக் கைவிட்டுவிட்டாயா என்று கேட்கிறார். இந்தத் தோட்டத்தைப் பார்த்துப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன, இப்போதும் என் நினைவு பிள்ளைகளிடம்தான் இருக்கிறது என்கிறார் ஷமுவேல். கேள்வி கடுமையானது, எனினும் ஆசிரியர் எங்கே நிற்கிறார் என்று பார்க்க ஒருவர் வந்திருக்கிறார் என்பதே நம் கண்ணில் படுகிறது. அறிவுரை சொன்னவர் சொல்லிவிட்டுப் போய்விடவில்லை.

தல்மூதின் வேறொரு பகுதியில் ரவ் பெரீதா என்பவரின் செய்தி உண்டு. ஒவ்வொரு பாடத்தையும் நானூறு முறை சொல்லிக்கொடுத்தால்தான் ஏறும் என்ற நிலையில் அவருக்கு ஒரு மாணவன் இருந்தான். ஒரு நாள் ஆசிரியரை வேறொரு நற்பணிக்கு அழைத்திருந்தார்கள். அன்று நானூறு முறையும் வீணாயிற்று. காரணம் கேட்டபோது, நீங்கள் எந்த நொடியில் எழுந்து போவீர்களோ என்ற எண்ணத்திலேயே என் மனம் இருந்தது என்றான் மாணவன். பெரீதா உட்கார்ந்து மீண்டும் நானூறு முறை சொல்லிக்கொடுத்தார். இதைப் பொறுமைக்கு எடுத்துக்காட்டாகவே எல்லாரும் சொல்வர். நமக்கு அதைவிடவும் பெரிதாகப் படுவது, பாடம் ஏறாமல் போனதன் காரணத்தை அவர் மாணவனிடமே கேட்டார் என்பது. தஆனீத் பகுதியில் வரும் பெயர் தெரியாத ஆசிரியரோ இன்னும் எளிமையானவர். ஏழைப் பிள்ளைக்கும் செல்வர் பிள்ளைக்கும் ஒன்றுபோல் கற்பித்தார். தர இயலாதவரிடம் கூலி வாங்கவில்லை. படிக்க மறுக்கும் பையனுக்குத் தம் குளத்து மீனைக் கொடுத்து ஆசைகாட்டி அழைத்து வந்தார். அவ்வூரில் அவருடைய துஆவுக்கே மழை பெய்தது என்று முடிகிறது அச்செய்தி.

இவையெல்லாம் கதைகளாகவே நின்றுவிடவில்லை. கெய்ரோவில் வாழ்ந்த மூஸா இப்னு மைமூன் (1138–1204) தம் சட்டத் தொகுப்பில் இவற்றுக்கு விதியின் வடிவம் தந்தார். 25 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். அதற்கு மேல் 40 வரை ஓர் உதவியாளர் வேண்டும். 40ஐத் தாண்டினால் இரண்டு ஆசிரியர். மாணவர்க்குப் புரியவில்லையெனில் ஆசிரியர் சினங்கொள்ளாமல் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும் என்பதும் அவருடைய விதி. பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டுவது ஆசிரியருக்குச் செய்யும் பேருதவி. பொறுமையாக இரு என்று நூறு முறை சொல்வதைவிட, வகுப்பில் பாதிப் பிள்ளைகளை வேறொருவரிடம் ஒப்படைப்பது அவரை விரைவில் பொறுமைசாலியாக்கும். ஷபீராவின் முன்னுரையில் இத்தகைய மண்ணுலகக் கணக்கு இல்லை.

முன்னுரையில் இல்லாத இன்னொன்றும் உண்டு: பெண் குழந்தைகள். அவருடைய மாணவர் அனைவரும் ஆண்களே. அதே போலந்தில், கிராக்கோ நகரில், தையல் தொழில் செய்துவந்த சாரா ஷெனிரர் (1883–1935) என்ற பெண்மணி 1917இல் 25 சிறுமியரைக் கொண்டு 'பெய்த் யாகோவ்' என்ற பள்ளியைத் தொடங்கினார். முதலில் வளர்ந்த பெண்களைத் திரட்டிப் பார்த்தார், அவர்கள் நகைத்தனர். பிறகே சிறுமியர் பக்கம் திரும்பினார். சில ஆண்டுகளில் ஊர் ஊராகப் பள்ளி கேட்டு வந்தார்கள். ஆசிரியைகளோ இல்லை. ஆகவே பதின்ம வயதையே தாண்டாத தம் மாணவியரை ஆசிரியைகளாக அனுப்பலானார். புதிய ஊருக்குத் தாமே சென்று தாய்மார்களிடம் பேசி, பிறகு அந்த இளம்பெண்ணை அங்கே விட்டு வருவார். அப்பெண்களுக்கென்றே கோடைக்காலப் பயிற்சி முகாம்கள் நடந்தன. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி எழுந்தது. ஜெர்மனியில் பல்கலைக்கழகக் கல்வி பெற்றோர் பாடம் எடுக்க வந்தனர். 1923 முதல் ஓர் இதழும் வெளிவந்தது. தனியே ஓர் ஊரில் நாற்பது சிறுமியரோடு போராடும் பெண்ணுக்கு, தன்னைப்போல் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்ற செய்தி மாதந்தோறும் அஞ்சலில் வந்தது. கல்விக் கோட்பாட்டில் ஷெனிரர் ஷபீராவின் அருகில் நிற்கக்கூடியவர் அல்லர். ஆனால் இளம் ஆசிரியருக்குக் கோட்பாடு மட்டும் போதாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஷபீராவுக்கு இது தெரியாது என்றும் சொல்வதற்கில்லை. 'பெனே மஹ்ஷவா தோவா' என்ற சிறிய கையேட்டை அவர் முன்பே எழுதியிருந்தார். உள்ளத்தைப் பண்படுத்த விரும்பும் சிலர் ஒரு சிறு குழுவாகக் கூடி, ஒருவரையொருவர் தாங்கிக்கொள்வதற்கான வழிமுறை அது. தோழமையின் பயனை இவ்வளவு நுட்பமாக அறிந்தவர், அதை ஆசிரியர் கையில் கொடுக்க ஏன் எண்ணவில்லை என்ற கேள்வி நம்மிடம் எஞ்சுகிறது. ஒரு ரெபேயின் இருக்கையிலிருந்து பார்க்கும்போது ஆசிரியரும் ஒரு ரெபேயாகவே தென்பட்டிருக்கலாம். ரெபேயைச் சுற்றிச் சீடர் உண்டு. சக ரெபே இல்லை.

1939 செப்டம்பரில் ஜெர்மனியப் படைகளின் குண்டுவீச்சில் காயமுற்று அவருடைய ஒரே மகன் இறந்தார். அடுத்த ஆண்டு வார்சா யூதர்கள் மதிலுக்குள் அடைக்கப்பட்டனர். ஷபீரா அங்கே 1942 கோடை வரை வாரந்தோறும் உரை நிகழ்த்தி, அவற்றை எழுதியும் வைத்தார். மாணவர் நூலுக்கு அடுத்த படியாக, மணமான இளைஞருக்கென அவர் எழுதிய 'ஹக்ஷரத் ஹ-அவ்ரேகிம்' முதலான கையெழுத்துப் படிகளும் அவரிடம் இருந்தன. அனைத்தையும், கண்டெடுப்பவர் பாலஸ்தீனத்திலிருந்த தம் சகோதரருக்கு அனுப்புமாறு வேண்டும் ஒரு கடிதத்துடன் ஒப்படைத்தார். அவை வரலாற்றாசிரியர் ரிங்கல்பிளமின் இரகசிய ஆவணங்களோடு பால்கேனில் வைத்துப் புதைக்கப்பட்டன. 1943 நவம்பரில் திராவ்னிக்கி முகாமில் அவர் கொல்லப்பட்டார். பால்கேன் 1950இல் வெளிப்பட்டது. உரைகள் 'எஷ் கோதெஷ்' என்ற பெயரில் 1960இல் அச்சேறின.

அவ்வுரைகளில் ஒன்று, ஹனுக்கா பண்டிகையையொட்டி 1941 டிசம்பரில் நிகழ்த்தப்பட்டது. இத்தகைய துன்பம் முன்பும் வந்ததுண்டு, எனவே நம்பிக்கை தளரலாகாது என்று அதில் கேட்போருக்குப் போதித்திருக்கிறார். 1942இன் இறுதியில், கேட்டோரில் மிகப் பலர் திரெப்லிங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பின், அதே உரைக்கு அவர் ஒரு குறிப்பு சேர்த்தார். அன்று சொன்னது அன்றைய நிலைக்கே பொருந்தும், அதன் பின் நேர்ந்ததற்கு முன்னுதாரணம் எதுவும் இல்லை என்பது அக்குறிப்பின் சாரம். பாடத்தை அடித்துவிடவில்லை, மறைக்கவும் இல்லை. தாம் கற்பித்தது எந்த நாள் வரை செல்லும் என்று, அதைக் கேட்க மாணவர் எவரும் எஞ்சியிராத நிலையிலும், தம் கையாலேயே எழுதி வைத்தார்.